மடிக்கணினிக்கும் வில்லங்கம் உண்டு

டெல்லியில் நான் பணிபுரியும் கிளைக்கு நெடுநாளாக வந்துபோகும் வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. தொழில் தையல். அக்கம்பக்கத்தார் அவரை ‘மாஸ்டர்ஜி’ என்று அழைப்பது வழக்கம்; வங்கியில் நாங்களும் அவ்வாறே அழைக்கிறோம். கல்லூரிச் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நாள்களில் ஒருநாள் அவர் வந்து, மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் இரண்டாண்டுகளாகக் கட்டிவந்த தொடர் வைப்புக் கணக்கை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். மகள் பி.காம். வகுப்பில் சேர்ந்திருக்கிறாள், அவளுக்கு மடிக்கணினி வேண்டும், புதியது வாங்க வசதியில்லை, பழையது ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன் என்றார். கணக்கை முடித்து, தொகையை அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து, ஒரு பையை மார்போடு அணைத்தபடி மறுபடியும் வந்தார். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து என் மேசைமீது வைத்துத் திறந்தார். திரையில் ஒரு நிறுவனத்தின் பெயர் தெரிந்தது. அதன் கீழே, அந்நிறுவன ஊழியரின் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் இடுமாறு ஒரு கட்டம். அதைத் தாண்டி அந்த இயந்திரம் ஓரடி நகரவில்லை.

நடந்தது இதுதான். இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து, மெட்ரோ நிலைய வாயிலில் ஓர் இளைஞரைச் சந்தித்திருக்கிறார். கணினி பளபளவென்று இருந்தது. படம் ஓடியது, பாட்டுக் கேட்டது, மகள் தட்டச்சு செய்து பார்த்தாள். ரசீது எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்று பதில் வந்தது. கைப்பேசி வழியாக 23,000 ரூபாய் செலுத்தி வாங்கிவந்தார். இரண்டு வாரம் நன்றாகவே ஓடியது. பழைய கோப்புகளை நீக்கிப் புதிதாகத் தொடங்கலாம் என்று மகள் அதை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தபோதுதான் இந்தத் திரை வந்தது. விற்றவரின் தொலைபேசி அதற்கு முன்பே அணைக்கப்பட்டிருந்தது.

“சார், வங்கி வழியாகத்தானே பணம் போனது? வங்கியால் திருப்பி வாங்கித் தர முடியாதா?” என்று கேட்டார்.

என்னிடம் ஆறுதலான விடை இல்லை. தமது ரகசிய எண்ணைத் தாமே இட்டு ஒருவர் செலுத்தும் பணம், வங்கியின் பார்வையில் அவருடைய சம்மதத்துடன் நடந்த பரிமாற்றம். 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் அன்றே புகார் பதிவு செய்ய உதவினேன். திரையில் பெயர் தெரிந்த நிறுவனத்தையும் தொடர்புகொண்டோம். அவர்கள் வரிசை எண்ணைச் சரிபார்த்து, தங்கள் ஊழியர் ஒருவரிடமிருந்து காணாமற்போன கணினி அது என்று தெரிவித்தனர். மாஸ்டர்ஜி ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தார். பணம் இன்றுவரை திரும்பவில்லை.

பார்த்தார், வரிசை மாறிப் பார்த்தார்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டை நம் முன்னோர் அப்படி விட்டதில்லை. பல்லைப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நாலடி நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மாடு யாருடையது என்று விசாரித்தார்கள்.

மாஸ்டர்ஜி பாராமல் வாங்கியவர் அல்லர். திரையைப் பார்த்தார், ஒலியைக் கேட்டார், விசைகளைத் தட்டச் செய்தார். ஆனால் கடைசியாகக் கேட்டிருக்க வேண்டிய விலையை முதலில் கேட்டார். முதலில் கேட்டிருக்க வேண்டிய உரிமையை இறுதிவரை கேட்கவேயில்லை.

வீட்டுக் கடன் வழங்கும்போது வங்கி கடைப்பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் வழக்கறிஞர் மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஆராய்ந்து, உரிமை தெளிவாக இருக்கிறது என்று கருத்துரை தருவார். அடுத்துப் பொறியாளர் கட்டடத்தின் நிலையைப் பார்ப்பார். பிறகு மதிப்பீடு. பணம் எல்லாவற்றுக்கும் பின்னரே வெளியே செல்லும். உரிமையில் சிக்கல் இருந்தால், கட்டடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கோப்பு அங்கேயே மூடப்படும். இருபதாயிரம் ரூபாய் மடிக்கணினிக்கும் இதே வரிசை பொருந்தும்: உரிமை, நிலை, மதிப்பு, பணம்.

மாஸ்டர்ஜி இரண்டாம் முறை வாங்கியபோது, இந்த வரிசைப்படியே நாங்கள் சென்றோம். அந்த அனுபவத்தையே வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நேரு பிளேஸில் ஒரு சனிக்கிழமை

வங்கிக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமையன்று மாஸ்டர்ஜியும் அவருடைய மகளும் நானும் தெற்கு டெல்லியிலுள்ள நேரு பிளேஸுக்குச் சென்றோம். மும்பைக்கு லாமிங்டன் சாலை, பெங்களூருக்கு எஸ்.பி. சாலை, சென்னைக்கு ரிச்சி தெரு போல, டெல்லிக்கு நேரு பிளேஸ் கணினிச் சந்தை. அங்கே துணிக்கடைகளும் ஏராளம். துணி எடுக்கப் பல ஆண்டுகளாக வந்துபோன இடம் என்பதால் மாஸ்டர்ஜிக்கு அதன் படிக்கட்டுகள் எல்லாம் பழக்கம். கணினிக் கடைகளுக்குள் மட்டும் அவர் நுழைந்ததில்லை.

இத்தகைய சந்தைகளுக்கு வரும் பழைய மடிக்கணினிகளில் பெரும்பங்கு நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்தவை. டெல் லாட்டிடியூட், எச்.பி. எலைட்புக், லெனோவோ திங்க்பேட் ஆகிய வரிசைகளே கண்ணில் அதிகம் படுவதன் காரணம் அதுவே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மொத்தமாக மாற்றும்போது, பழையவை ஏலம் வழியாக வணிகர்களிடம் வருகின்றன. உறுதியாகக் கட்டப்பட்ட நல்ல இயந்திரங்கள் அவை. முறையாகக் கழிக்கப்பட்டவையும் முறையின்றி வெளியே வந்தவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

முதலாவது: உரிமை

பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டத் தாளில் படிக்கும் 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தில் 27ஆம் பிரிவு முக்கியமானது. விற்பவருக்கு இல்லாத உரிமை, சில விதிவிலக்குகள் தவிர, வாங்குபவருக்கு வந்துவிடாது என்பது அதன் சாரம். நல்லெண்ணத்துடன் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், பொருள் வேறொருவருடையது என்றால் உரியவரிடமே அது திரும்ப வேண்டும். மாஸ்டர்ஜிக்கு நேர்ந்தது அதுவே. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி ஒரு பொருளைப் பெறுவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமும் ஆகும். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், ஏன் பாதிக்குக் கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமையைச் சரிபார்க்க மூன்று எண்கள் போதும். கணினியின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டோ அச்சிடப்பட்டோ உள்ள வரிசை எண் ஒன்று. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் தெரியும் வரிசை எண் இரண்டு. ரசீதில் எழுதப்படும் எண் மூன்று. இம்மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அடிப்புற எண் சுரண்டப்பட்டிருந்தால் அங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம். டெல் நிறுவனக் கணினிகளில் ‘சர்வீஸ் டேக்’ எனப்படும் ஏழு எழுத்து அடையாளமும், மற்ற நிறுவனங்களில் வரிசை எண்ணும் உண்டு. அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால், அது எந்த மாதிரி, உத்தரவாதம் எப்போது முடிகிறது அல்லது முடிந்தது என்பது தெரியும். ‘இரண்டே வருடம் ஆனது’ என்னும் வாய்ச்சொல்லை அங்கேயே சோதித்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத பூட்டுகள்

கணினிக்குரிய வில்லங்கம் காகிதத்தில் இருப்பதைவிட இயந்திரத்துக்குள்ளேயே இருப்பது அதிகம். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய பூட்டுகள் நான்கு.

ஒன்று, பயாஸ் கடவுச்சொல். கணினியை அணைத்து, மீண்டும் இயக்கும்போது பெரும்பாலான டெல் கணினிகளில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 விசையைத் தட்டினால் பயாஸ் திறக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டு, விற்பவருக்கு அது தெரியவில்லை என்றால் வாங்கக் கூடாது. திங்க்பேடில் மேற்பார்வையாளர் கடவுச்சொல் மறந்துபோனால் மூலப்பலகையையே மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பு நிறுவனத்தின் நிலைப்பாடு.

இரண்டு, நிறுவன மேலாண்மைப் பூட்டு. மாஸ்டர்ஜியைச் சிக்கவைத்தது இதுதான். பல நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோபைலட்’ போன்ற சேவைகளில் பதிந்து வைக்கின்றன. வன்தட்டை அழித்தாலும் மாற்றினாலும் அந்தப் பதிவு அழியாது. ஏனெனில் அது கணினியில் இல்லை, இணையத்தின் மறுமுனையில் இருக்கிறது. இணையத் தொடர்பின்றி விண்டோஸை நிறுவி விற்றால் பூட்டு அப்போது தெரியாது. அடுத்த ரீசெட்டில் தெரியும். ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரை நம் கண்ணெதிரே முழு ரீசெட் செய்யச் சொல்லி, நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, தொடக்கத் திரைகளைக் கடந்து பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். மாஸ்டர்ஜியின் இரண்டாண்டுச் சேமிப்பு அந்த ஒரு மணி நேரத்தில்தான் தொலைந்தது.

மூன்று, களவைக் கண்காணிக்கும் மென்பொருள். ‘அப்சல்யூட்’ அல்லது அதன் பழைய பெயரான ‘கம்ப்யூட்ரேஸ்’ என்பது பல நிறுவனக் கணினிகளின் பயாஸிலேயே பொதிந்திருக்கும். பயாஸின் பாதுகாப்புப் பகுதியில் அது செயற்படும் நிலையில் இருப்பதாகக் காட்டினால், பழைய உரிமையாளர் அதை இன்னும் விடுவிக்கவில்லை என்று கொள்ள வேண்டும்.

நான்கு, ஆப்பிள் மேக்புக்குகளுக்கே உரிய ‘ஆக்டிவேஷன் லாக்’. பழைய உரிமையாளர் தமது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறாமல் விற்றிருந்தால், அவருடைய கடவுச்சொல் இன்றி அண்மைக்கால மேக்புக்கை அழித்துத் தொடங்க முடியாது. வெளியேறி, முழுவதும் அழித்து, புதுக் கணினிபோல் வரவேற்புத் திரை வருவதை நம் முன்னிலையில் காட்டச் சொல்ல வேண்டும்.

ரீசெட்டுக்கு முன்பே ஒரு குறிப்புக் கிடைக்கும் இடங்களும் உள்ளன. விண்டோஸ் அமைப்புகளில் ‘பணியிட அல்லது பள்ளிக் கணக்கு’ என்னும் பகுதியில் எந்த நிறுவனமும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது. செயற்படுத்தல் பகுதியில், உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக விண்டோஸ் செயற்படுத்தப்பட்டுள்ளது என்னும் பொருள்படும் வாசகம் இருந்தால், அந்த உரிமம் வாங்குபவருக்கு உரியதன்று.

அன்று நாங்கள் ஏறிய முதல் கடையில், ரீசெட் செய்து காட்டச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறியது. “இவ்வளவு சந்தேகம் இருந்தால் புதிதாக வாங்குங்கள்” என்றார். நன்றி சொல்லி இறங்கிவிட்டோம். இரண்டாம் கடைக்காரர் மறுக்கவில்லை. “செய்யுங்கள், அதற்குள் தேநீர் குடித்துவிட்டு வரலாம்” என்றார். தேநீரை அங்கேயே வரவழைத்து, கணினியின் பக்கத்திலேயே உட்கார்ந்து குடித்தோம்.

இரண்டாவது: நிலை

உரிமை தெளிந்த பிறகு உடலைப் பார்க்கலாம். ஒரு பென்டிரைவ், ஓர் இயர்ஃபோன், இணைய இணைப்புள்ள கைப்பேசி ஆகிய மூன்றும் கையில் இருந்தால் போதும்.

கணினியை மூடிய நிலையில் சமதளமான மேசைமீது வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, உட்புறம் தொடுபலகை மேலெழும்பி அழுத்த முடியாமல் இருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கக் கூடும். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயம் உடையது. அத்தகைய கணினியை விலை குறைத்துக் கேட்கவும் வேண்டாம். திரையை மெதுவாகத் திறந்து மூடி, கீல்களின் இறுக்கத்தையும் அவற்றை ஒட்டிய மூலைகளில் விரிசல் உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தாலோ, ஒன்றிரண்டு காணாமல் இருந்தாலோ, கணினி முன்பே பிரிக்கப்பட்டது என்பது பொருள். பிரித்ததே குற்றமன்று, ஏன் பிரித்தார்கள் என்பதற்கு விடை வேண்டும். இந்த இடத்தில் மாஸ்டர்ஜியின் கண் என் கண்ணைவிடக் கூர்மையாக இருந்தது. ஒரு கணினியைப் புரட்டி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதைப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள் சார்” என்றார். கடைக்காரரும் ஒப்புக்கொண்டார்: திரை மாற்றப்பட்டிருந்தது.

திரையில் முழு வெண்மையையும் முழுக் கருமையையும் வரச்செய்து, கோடுகளும் புள்ளிகளும் உண்டா என்று பார்க்க வேண்டும். நோட்பேடைத் திறந்து ஒரு விசைகூட விடாமல் தட்ட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் பென்டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும். கேமரா, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, வைஃபை ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். சார்ஜர் அந்தக் கணினிக்கு உரியதா, அதன் வாட் அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு, ‘ஆர்’ என்னும் எழுத்தோடு தொடங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் அதில் அச்சிடப்பட்டுள்ளதா என்றும் கவனிப்பது நல்லது.

பேட்டரியின் உண்மை நிலையை விண்டோஸே எழுதித் தரும். கட்டளைச் சாளரத்தில், ‘பவர்சிஎஃப்ஜி’ என்பதற்குரிய ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு இட்டு, அதனுடன் ஒட்டி ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஒரே சொல்லாகத் தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். பேட்டரி புதிதாக இருந்தபோது வடிவமைக்கப்பட்ட கொள்ளளவும், இப்போது முழுமையாக ஏற்றினால் கொள்ளும் அளவும் அதில் அருகருகே இருக்கும். முன்னது 50,000 மில்லிவாட்-மணி, பின்னது 31,000 என்றால், மிஞ்சியிருப்பது 62 விழுக்காடு. எண்பதுக்கு மேல் இருந்தால் நிறைவு கொள்ளலாம். அறுபதை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால், புதிய பேட்டரியின் விலையையும் கணக்கில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. மேக்புக்கில் அமைப்பு அறிக்கையில் ஏற்றிறக்கச் சுற்றுகளின் எண்ணிக்கை தெரியும். அண்மைக்கால மாதிரிகளுக்கு ஆப்பிள் குறிப்பிடும் உச்சவரம்பு 1,000 சுற்றுகள்.

இந்தச் சோதனைகள் நடக்கும்போதே சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு காணொளியை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பேட்டரி எவ்வளவு இறங்குகிறது, அடிப்புறம் எவ்வளவு சூடாகிறது, விசிறி இரைகிறதா என்பனவெல்லாம் தாமே தெரியவரும்.

மிச்சமிருக்கும் ஆயுள்

நன்றாக ஓடும் கணினி நீண்ட நாள் பயன்படும் கணினியாக இருக்க வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராத கணினியில் இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்துவது, தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின் பணப்பெட்டியை வைப்பது போன்றது. எனவே விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் கணினியே வேண்டும். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை.

தலைமுறையை அறிவது எளிது. ‘ஐ5-8250யூ’ என்னும் பெயரில் சிறு கோட்டுக்கு அடுத்த 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கும். ‘ஐ5-6300யூ’ ஆறாம் தலைமுறை. ‘ஐ5-1135ஜி7’ பதினொன்றாம் தலைமுறை. ‘ஐ7’ என்ற பெயருக்கு மயங்க வேண்டாம். ஆறாம் தலைமுறை ஐ7 ஏற்காத விண்டோஸ் 11ஐ எட்டாம் தலைமுறை ஐ3 ஏற்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் திறக்கும் சாளரத்தில், பிராசசரின் பெயர், நினைவகத்தின் அளவு, சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யா பழைய சுழல் தட்டா என்பவை அனைத்தும் தெரியும். இன்றைய பயன்பாட்டுக்கு 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் குறைந்தபட்சத் தேவைகள்.

மூன்றாவது: மதிப்பு

நாங்கள் தேர்ந்தெடுத்த எட்டாம் தலைமுறைக் கணினிக்கு அந்தக் கடைக்காரர் சொன்ன விலை 21,000 ரூபாய். பேட்டரி அறிக்கையை அவரிடம் காட்டினோம். புதிய பேட்டரிக்கு 3,500 ரூபாய் ஆகும் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார். வாதத்துக்கு வேலையே இல்லாமல் 18,000 ரூபாயில் முடிந்தது. சோதனையின் பயன் தவறான பொருளைத் தவிர்ப்பதோடு நின்றுவிடவில்லை; சரியான பொருளுக்குச் சரியான விலையையும் பெற்றுத் தந்தது.

இங்கே சட்டத்தின் இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். பொருள் ஒப்படைக்கப்படும்போது, அதை ஏற்குமுன் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கேட்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு தரும் உரிமை. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவோ, வாங்குபவர் பொருளைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்குத் தரம் பற்றிய மறைமுக உறுதிமொழி பொருந்தாது என்கிறது. அதாவது, பெயருக்குப் புரட்டிப் பார்த்துவிட்டு, பின்னர் விசை வேலை செய்யவில்லை என்று வழக்காடுவது கடினம். பார்ப்பதானால் முழுமையாகப் பார்க்க வேண்டும்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் மதிப்பீட்டின் பகுதியே. மாஸ்டர்ஜியின் மனைவி பெயரில் 50,000 ரூபாய் நிலை வைப்பு இருந்தது. அதையும் முடித்துவிடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். வைப்புத்தொகையின் பேரில், வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதலான வட்டிக்கு வங்கிகள் கடன் தருகின்றன. வைப்பு அப்படியே வளர்ந்துகொண்டிருக்கும். கணவனும் மனைவியும் வந்து அவ்வாறே கடன் பெற்றனர். கல்விக் கடன் பெற எண்ணியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்க: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கணினியின் நியாயமான விலையும் கடனுக்குரிய செலவாகச் சேர்க்கப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டுப் பெறலாம்.

நான்காவது: பணம்

வரிசை எண், மாதிரி, உத்தரவாதக் காலம் ஆகியன எழுதப்பட்ட ரசீது கைக்கு வந்த பிறகே பணம் செல்ல வேண்டும். கடை ரசீதில் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் உள்ளதா என்று பாருங்கள். தனிநபரிடம் வாங்குவதானால், பழைய ரசீதின் நகலும், விற்றதற்கான கையொப்பமிட்ட கடிதமும், அடையாளச் சான்றின் நகலும் கேளுங்கள். தயங்குபவரிடம் நாமும் தயங்க வேண்டும். யு.பி.ஐ. வழியாகச் செலுத்தும்போது திரையில் தோன்றும் பெறுநர் பெயர், ரசீதிலுள்ள பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே ரகசிய எண்ணை இடுங்கள்.

நேரில் காட்டாமல் முன்பணம் கேட்பவரை நம்பவே வேண்டாம். இடமாற்றலில் செல்லும் ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு, அடையாள அட்டையின் படத்தை அனுப்பி, முன்பணம் பெற்று மறையும் மோசடி நாடறிந்தது. பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள் என்று யாரேனும் கூறினால், அது நிச்சயமாக மோசடி. பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் உடனே 1930ஐ அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் மோசடிக்காரரின் கணக்கிலிருந்து வெளியேறும் முன்பு புகார் சென்றால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. கடைக்காரருடன் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கிய பின் முதல் நாள்

புதிதாக வந்த பழைய கணினியில் உடனே இணைய வங்கியைத் திறக்காதீர்கள். தட்டும் விசைகளைப் பதிந்து வேறெங்கோ அனுப்பும் மென்பொருள் அதில் மறைந்திருக்கலாம். கடையில் ரீசெட் செய்யாமல் வாங்கியிருந்தால், வீட்டில் முதல் வேலை எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவது. புதுப்பிப்புகள் அனைத்தையும் ஏற்றி, விண்டோஸோடு வரும் பாதுகாப்புச் செயலியால் ஒருமுறை முழுச் சோதனை செய்த பிறகே வங்கிக் கணக்கின் பக்கம் செல்லலாம். திருட்டு மென்பொருளைக் கடைக்காரர் இலவசமாக ஏற்றித் தருவதாகச் சொன்னால், அந்த அன்பளிப்பை மறுத்துவிடுங்கள். நாளை இதே கணினியை நீங்கள் விற்கும்போதும் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்தே கொடுங்கள். அதை வாங்குபவரும் ஒருவேளை தொடர் வைப்பை முடித்துக்கொண்டு வந்தவராக இருக்கலாம்.

அன்று மாலை நாங்கள் படியிறங்கும்போது, கணினிப் பையை மகள் தோளில் மாட்டியிருந்தாள். ரசீதை மாஸ்டர்ஜி நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே ஒரு கையை வைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமை கிளைக்கு வந்து, புதிய தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார். இம்முறை மாதம் ஐந்நூறு ரூபாய். படிவத்தை நிரப்பியது அவருடைய மகள். எழுதி முடித்தபின், ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினாள்.